ஹூக் நூலைப் பிடிக்கும் இடம்

எங்கள் பக்கத்துத் தையல் யூனிட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினில் உட்கார்ந்து தைப்பதெல்லாம் பெண்கள். தையல் விட்டாலோ, நூல் அறுந்துகொண்டே இருந்தாலோ, சத்தம் மாறினாலோ கையைத் தூக்க வேண்டும். மெக்கானிக் வருவார். மெஷினைச் சாய்ப்பார், நமக்கு முதுகைக் காட்டியபடி எதையோ திருகுவார், "தைச்சுப் பாரு" என்பார். தைத்தால் சரியாக இருக்கும். என்ன செய்தார் என்று தைக்கிறவளுக்குத் தெரியாது. கேட்கிற வழக்கமும் இல்லை. பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவளுக்கு அந்த மெக்கானிக் வரும்வரை காத்திருக்கிற நேரம் முழுக்கக் கூலியில் விழுகிற துண்டு.

நான் அருப்புக்கோட்டைக்குப் போனது பவர் மெஷினில் தைக்கப் பழகத்தான். பழகிக்கொண்டதில் பெரிதாக நான் நினைப்பது அந்தத் திருகுகளை. தைக்கிற பெண் மெஷினைத் திறக்கவும் பூட்டவும் தெரிந்தவளாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

எனக்குத் திருச்சுழியை அடுத்த ஒரு சின்னக் கிராமம். வெளியூர்க்காரர்கள் 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழியைச் சொல்வார்கள். எங்களுக்கு அது பூமிநாதர் கோயிலும் தாலுகா ஆபீசும் பஸ் மாறுகிற இடமும். குண்டாற்றில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்தால் உண்டு. வானம் பார்த்த கரிசல். புரட்டாசி மழைக்கு மல்லி, குதிரைவாலி, சோளம், பருத்தி என்று விதைத்தால் தை, மாசியில் வீடு வந்து சேரும். அதற்கப்புறம் காட்டில் வேலை கிடையாது. ஆண்கள் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். பெண்பிள்ளைகள் விடியற்காலையில் மில் பஸ்ஸில் ஏறுவார்கள். என் அம்மாவுக்குச் சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு கொடுக்கும் இலவசத் தையல் மெஷின் கிடைத்திருந்தது. அந்தக் கால் மெஷினில்தான் நான் முதலில் கிழிசல் தைத்தேன், அப்புறம் ஜாக்கெட்டுக்குக் கை வைத்தேன். தீபாவளி, பொங்கலுக்கு ஊரில் நாலு பேர் துணி கொடுப்பார்கள். மற்ற மாதங்களில் மெஷின் மேல் தலையணை உறைதான் கிடக்கும்.

எனக்குப் பவர் மெஷின் கற்றுத் தந்த மாஸ்டர் எங்களுக்குத் தூரத்து உறவு. திருப்பூரில் நெடுங்காலம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றில் நீளமான பழைய வீட்டைப் பிடித்து, ஒரு வரிசை மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். நைட்டியும் உள்பாவாடையும்தான் அதிகம். ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் நைட்டிக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கட்டிங் ஆன துணி பண்டல் பண்டலாக வந்து இறங்கும்.

சேர்ந்த அன்றே மாஸ்டரிடம் கேட்டேன்: "மாஸ்டர், தைக்க மட்டுமா, செட்டிங்கும் சொல்லித் தருவீங்களா?" அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர்னு கேக்கிற ஆளு ஊரு பூரா இருக்கான் தாயி. மெஷினு அப்படிக் கேக்காது. முதல்ல பெடல் பழகு."

பெடல் பழகுவது என்றால் நூல் இல்லாத ஊசியால் தாளைத் தைப்பது. பழைய நோட்டுத் தாளில் நேர்க்கோடு, சதுரம், சுருள் என்று பேனாவால் வரைந்து தருவார்கள். அந்தக் கோட்டின் மேலேயே ஊசித் துளைகள் வரிசையாக விழ வேண்டும். கால் மெஷினில் நம் காலின் வேகம்தான் மெஷினின் வேகம். பவர் மெஷினில் அப்படி இல்லை. அங்கே இருந்ததில் பாதி கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலைத் தொட்டதும் அந்தச் சுற்று முழுசாக மெஷினுக்குப் பாயும். கால் கட்டைவிரலில் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் தாள் ஊசிக்கு அடியில் பறந்துவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் எல்லா அக்காக்களும் உட்காருவார்கள். பெடலின் இழுவை உள்ளங்காலில் தெரிய வேண்டும் என்பதற்காக. முன்பாதம் அழுத்தினால் ஓட்டம், குதிகால் அழுத்தினால் பிரேக். துணியை அழுத்திப் பிடிக்கும் பூட்டைத் தூக்க முழங்காலால் தள்ளும் லிஃப்டர். கை இரண்டும் துணியை விட்டு நகரவே கூடாது. இதெல்லாம் உடம்பு தானாகப் பிடித்துக்கொள்ளும் வேலை. சில வாரங்களில் வந்துவிட்டது.

செட்டிங் பாடம் தொடங்கியது ஒரு பழைய ஜூக்கி ஹெட், அதாவது டேபிளும் மோட்டாரும் இல்லாத மெஷின் மட்டும், வந்து இறங்கிய அன்று. டிடிஎல் 8700 என்ற மாடல். திருப்பூரில் ஓடி ஓய்ந்த ஹெட்டுகளை வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து வந்தது. ஜூக்கி 1938-ல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். 1947-ல் வீட்டுத் தையல் மெஷினில் இறங்கி, பிறகு உலகம் முழுக்க யூனிட்டுகளை நிறைத்தது. எங்கள் பக்கம் வேறு கம்பெனி மெஷினையும் ஜூக்கி என்றே சொல்கிறவர்கள் உண்டு.

முதலில் டேபிள். நாலு காலும் தரையில் சமமாக நிற்க வேண்டும். ஒரு கால் தூக்கியிருந்தாலும் வேகமெடுக்கும்போது டேபிள் நடுங்கும், அந்த நடுக்கம் தையலில் தெரியும். உட்கார்ந்து கையை மடக்கினால் முழங்கை டேபிள் மட்டத்துக்கு வர வேண்டும். எனக்கு முன்னால் அந்த டேபிளில் இருந்த அக்கா உயரமானவர். கால்களில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்தி எனக்கென்று இறக்க வைத்தார் மாஸ்டர். யூனிட்டுகளில் இதை யாரும் செய்வதில்லை. ஒரே உயரத்தில் எல்லா டேபிளும் நிற்கும், குட்டையானவளுக்குத் தோள் வலி, உயரமானவளுக்கு இடுப்பு வலி. ஒரு ஸ்பேனரும் கொஞ்ச நேரமும் போதும் அதைச் சரிசெய்ய.

அடுத்து ஆயில். டேபிளில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு அடியில் தகரத் தட்டு. அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நிறமே இல்லாத மெல்லிய மெஷின் ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி, ஹெட்டை ரப்பர் மெத்தைகள் மேல் இறக்க வேண்டும். ஹெட்டின் மேல்பக்கம் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். மெஷின் ஓடும்போது அதற்குள் ஆயில் தெறித்தால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். தெறிக்காவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். எங்கள் ஊரில் கால் மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் நிறையப் பேர். நாளாவட்டத்தில் அது பிசினாகி மெஷினையே பிடித்துவிடும். மாஸ்டர் இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமே வரும். புதிதாகப் பொருத்திய ஹெட்டையும் நெடுநாள் சும்மா கிடந்த ஹெட்டையும் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. அந்த ஜூக்கியின் உச்ச வேகம் நிமிஷத்துக்கு 5,500 தையல். ஆனால் தொடக்கத்தில் 3,000 முதல் 3,500-க்குள் ஓட்டிப் பழக்க வேண்டும். ஆயில் எல்லா மூட்டுக்கும் போய்ச் சேர அவகாசம் கொடுப்பதற்காக.

பெல்ட்டை மாட்டியதும் நடுவில் ஒரு விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அரை அங்குலம் அமுங்கினால் சரி. அதைவிட இறுக்கினால் பேரிங் தேயும், தளர்ந்தால் வழுக்கும். பிறகு சுழற்சி. கைச்சக்கரம் நம்மைப் பார்த்து வர வேண்டும், அதாவது மேல்பக்கம் நம் பக்கமாக உருள வேண்டும். யூனிட்டில் மெயின் போர்டை மாற்றிய ஒரு நாளில் வரிசையில் இருந்த த்ரீ பேஸ் மோட்டார் மெஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் நூலைச் சிக்கலாக்கின. ஆளாளுக்கு நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷனைத் திருகத் தொடங்கினார்கள். மாஸ்டர் வந்து ஒரு கைச்சக்கரத்தை மட்டும் பார்த்தார். எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தன. போர்டில் இரண்டு பேஸ் ஒயரை இடம் மாற்றிப் போட்டதும் சரியாயிற்று. மெஷினில் எந்தக் கோளாறு வந்தாலும் டென்ஷனைத் திருகுவதற்கு முன் சுழற்சி, ஊசி, நூல் போட்ட வழி என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் பாடம். பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், எழுதுவதிலும் அப்படித்தான் ஆகப் போகிறது.

பவர் மெஷின் ஊசிக்கு டிபி இன்ட்டு ஒன் என்று பெயர். வீட்டு மெஷின் ஊசி போல் மேலே தட்டையான பக்கம் இருக்காது. தண்டு முழுக்க உருண்டை. அதனால் எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் உள்ளே போய்விடும். மாட்டுகிறவள்தான் பார்த்து மாட்ட வேண்டும். ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கண் வரை நீளமான பள்ளம் ஓடும். எதிர்ப்பக்கம் கண்ணுக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு குழி. நீளப் பள்ளம் இடது கைப் பக்கம், குழி வலது கைப் பக்கம், நூல் இடமிருந்து வலம். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளித் திருகை இறுக்க வேண்டும். நகத்தால் தடவினாலே பள்ளம் தெரியும். இருட்டில்கூட மாட்டலாம்.

ஏன் இந்தப் பள்ளமும் குழியும் என்று கேட்டேன். மாஸ்டர் வாயால் பதில் சொல்லவில்லை. மெஷினை ஆஃப் செய்தார். பூட்டைக் கழற்றினார், பிளேட்டைக் கழற்றினார், துணியைத் தள்ளும் பல்லைக் கழற்றினார், கீழ்நூல் இருக்கும் பாபின் கேஸை வெளியே எடுத்தார். ஹெட்டைச் சாய்த்துத் தாங்குகட்டையில் நிறுத்திவிட்டு, செல்போன் டார்ச்சை என் கையில் கொடுத்தார். ஊசியில் சிவப்பு நூல் போட்டிருந்தது. கைச்சக்கரத்தை அவர் மெதுவாக, மிக மெதுவாக, தன் பக்கம் உருட்டினார்.

ஊசி இறங்கியது. அடிமட்டத்தைத் தொட்டது. நூல் ஊசியோடு ஒட்டியே நின்றது. பிறகு ஊசி மேலே ஏறத் தொடங்கியதும் அது நடந்தது. இடது பக்க நூல் நீளப் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்ள, வலது பக்க நூலுக்குப் பதுங்க இடமில்லை. துணி அதை மேலே போக விடாமல் உரசிப் பிடிக்கும். துணிக்குப் பதிலாக அன்று மாஸ்டர் விரலால் பிடித்துக்கொண்டார். ஊசி ஏற, பிடிபட்ட நூல் வெளிப்பக்கம் பிதுங்கி ஒரு சின்ன வளையமாக நின்றது. ஊசி இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கும், அவ்வளவுதான். சரியாக அந்த நேரத்தில் கீழேயிருந்து ஹூக்கின் கூர்முனை சுற்றிக்கொண்டு வந்து, ஊசியின் குழியை ஒட்டியபடி, அந்த வளையத்துக்குள் நுழைந்தது. அது வந்து போவதற்கு இடம் விடத்தான் அந்தக் குழி. நுழைந்த ஹூக் வளையத்தை இழுத்து அகட்டி, சிக்குக் கோலத்தில் புள்ளியைச் சுற்றி வரும் இழைபோல், பாபின் முழுவதையும் சுற்றிக் கொண்டுபோய் விட்டது. மேலே நூலிழுக்கும் கரண்டி எழுந்து மிச்ச நூலைச் சுண்டி இழுத்தது. ஒரு தையல்.

"இன்னொருக்க உருட்டுங்க மாஸ்டர்" என்று சொன்னேன். அவர் சக்கரத்தை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒரு தையலுக்கு ஹூக் இரண்டு சுற்று சுற்றுகிறது. ஒன்றில் நூலைப் பிடிக்கும், மற்றொன்று வெறும் சுற்று. நிமிஷத்துக்கு 4,000 தையல் ஓடும்போது ஹூக் 8,000 சுற்று. ஒரு நொடிக்கு 66 தடவை அந்த வளையம் பிறந்து, ஒவ்வொரு தடவையும் கூர்முனை தப்பாமல் அதற்குள் நுழைய வேண்டும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு மெஷின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

கைத்தையல் ஊசிக்குக் கண் பின்பக்கம். அதை முனைக்குக் கொண்டுவந்ததுதான் மெஷின் தையலின் அடிப்படை. 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மெஷினில் கண் முனையில் இருந்தது, கீழ்நூலுக்கு நெசவுத்தறியில் ஓடுவது போன்ற ஓடம் இருந்தது. ஓடம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும், வேகத்துக்கு எல்லை உண்டு. 1851-ல் ஆலன் வில்சன் என்பவர் சுழலும் ஹூக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கரும் அதே ஆண்டில்தான் தன் மெஷினுக்கு உரிமை வாங்கினார். பெயர் நிலைத்தது சிங்கருக்கு. இன்று யூனிட்டில் ஓடுவது வில்சனின் வழி. எந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தியும் 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவர் கேட்டபோது சிங்கர் மெஷினை விதிவிலக்காகச் சொன்னார். மனைவி ஊசியோடு படும் பாட்டைப் பார்த்து அவர்மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியின் விளக்கம்.

ஹூக் வரும் நேரத்தை ஊசியோடு பொருத்துவதுதான் டைமிங். அதை வைக்க மாஸ்டர் சொல்லிக் கொடுத்த முறை இது. புது ஊசி மாட்ட வேண்டும். வளைந்த ஊசியை வைத்துச் செட்டிங் பார்த்தால் எல்லாமே தப்பும். ஊசிக் கம்பியில் மெல்லிய கோடுகள் வெட்டியிருக்கும். ஊசி அடிமட்டத்தில் நிற்கும்போது ஒரு கோடு, கம்பி இறங்கிவரும் புஷ்ஷின் கீழ் விளிம்போடு பொருந்த வேண்டும். அது ஊசிக் கம்பியின் உயரம். பிறகு சக்கரத்தை உருட்டி அடுத்த கோட்டுக்கு ஏற்ற வேண்டும். இந்த இடத்தில் ஹூக்கின் திருகுகளைத் தளர்த்தி, கூர்முனை ஊசியின் நட்டநடுவுக்கு வரும்படி ஹூக்கைத் திருப்பி நிறுத்த வேண்டும். ஊசிக்கும் முனைக்கும் இடைவெளி 0.04-லிருந்து 0.1 மில்லிமீட்டர். நோட்டுத் தாளின் கனத்தைத் தாண்டக் கூடாது. தொட்டுவிட்டால் முனை மழுங்கும், ஊசி தேயும். விலகி நின்றால் வளையத்தைத் தவறவிடும், தையல் விடும். திருகை இறுக்கும்போது ஹூக் ஒரு மயிரிழை நகரும். அதனால் ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசியில் மறுபடி கோட்டுக்குக் கொண்டுவந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர் பக்கத்தில் நிற்பார், கை வைக்க மாட்டார். "கண்ணு சொல்றதைக் கேளு, அவசரம் சொல்றதைக் கேக்காத."

ஹூக் முனையில் நகத்தைத் தடவிப் பார்ப்பதையும் அப்போதுதான் பழகினேன். எங்காவது பிசிறு தட்டினால் நூல் அறுகிற காரணம் அதுதான். ஆயில் ஸ்டோனில் மெதுவாகத் தேய்த்தால் போகும்.

டென்ஷன் இதற்கடுத்துத்தான். கீழிருந்து தொடங்க வேண்டும். பாபினில் நூலை விளிம்பு வரை சுற்றக் கூடாது, எண்பது சதவீதம் போதும். கேஸில் போட்டு நூல் முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சறுக்கிக்கொண்டே போனால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். கேஸின் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைக் கால் சுற்று திருப்பினாலே பெரிய மாற்றம் தெரியும். கீழ்நூல் ஒழுங்கான பிறகு மேல்நூல். துணியின் மேல்பக்கம் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேலே இறுக்கம் அதிகம். அடிப்பக்கம் மேல்நூல் கோடாகக் கிடந்தால் மேலே தளர்வு. முடிச்சு துணியின் கனத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். இரண்டு நிறத்தில் நூல் போட்டுப் பார்த்தால் குழப்பமே இல்லை. மேலே சிவப்பு, கீழே வெள்ளை.

இந்த மண்ணில் டென்ஷன் ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துபோகிற காரியம் கிடையாது. சித்திரை, வைகாசியில் காற்று காய்ந்துபோய் இருக்கும். பருத்தி நூலுக்கு ஈரம் இருந்தால்தான் பலம். என் சித்தி மகள் மில்லில் வேலை பார்க்கிறாள். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் குழாய்வழி ஈரக்காற்று விட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பாள். மாஸ்டர் வீட்டுத் தெருவில் இன்னும் குழித்தறி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். தறியைத் தரையில் குழிவெட்டி அதற்குள் இறக்கியதற்கு ஒரு காரணம், மண்ணின் குளிர்ச்சி பாவு நூலுக்குக் கிடைக்கும் என்பது. தையல் டேபிளுக்கு அந்த வசதி இல்லை. காட்டன் நூல் போடும் நாளில் கோனை வெயில் படாத சுவரோரம் வைத்து, மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தையும் குறைத்துவிடுவோம். இப்போது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல்தான், அது ஈரத்தை எதிர்பார்ப்பதில்லை.

ஆடிக் காற்று வேறொரு தொல்லை. கரிசல் தூசி கதவிடுக்கு வழியாக வந்து படியும். துணிப் பஞ்சோடு சேர்ந்து பல்லுக்கு அடியில் அடையாக உறைந்துவிடும். பல் பிளேட்டுக்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் எழும்புகிறது. அந்த எழுச்சிதான் துணியைத் தள்ளுகிறது. அடியில் பஞ்சு அடைத்தால் துணி நகராது, தையல் நெருங்கி விழும். தைக்கிறவள் டயலைத் திருகித் தையல் நீளத்தைக் கூட்டுவாள். பிளேட்டைக் கழற்றிப் பிரஷால் தட்டினால் தீர்கிற காரியம். ஆடி மாதம் முழுக்க வேலை தொடங்கும் முன்பும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பிளேட்டைத் திறப்பது எங்கள் வரிசையில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் மெஷினைத் தானே திறப்பாள்.

துணிக்குத் தக்க ஊசி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 11-ம் நம்பர் மெல்லிய துணிக்கு, 14 நைட்டிக் காட்டனுக்கும் உள்பாவாடைப் பாப்ளினுக்கும், 16 மடிப்பு மேல் மடிப்பு விழும் நாடாக் குழாய்க்கு. 14 என்பதையே அட்டையில் 90 என்றும் போட்டிருப்பார்கள். ஊசித் தண்டின் தடிமன் 0.90 மில்லிமீட்டர் என்று அதற்குப் பொருள். தடித்த ஊசியை மெல்லிய துணியில் போட்டால் துளை தெரியும், சுருக்கம் விழும். மெல்லிய ஊசியைத் தடித்த மடிப்பில் ஓட்டினால் வளைந்து ஹூக்கில் மோதி ஒடியும்.

ஒடிந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒட்டிக் காட்டினால்தான் மாஸ்டர் புது ஊசி கொடுப்பார். ஏற்றுமதி யூனிட்டுகளின் சட்டம் அது. ஒரு துண்டு குறைந்தால் அந்தப் பண்டல் முழுவதையும் ஒதுக்கிவைத்து மெட்டல் டிடெக்டரில் ஓட்டுவார்கள். யாரோ ஒரு குழந்தையின் சட்டையில் ஊசிமுனை தங்கிவிடக் கூடாது. நாங்கள் தைப்பது உள்ளூர் நைட்டி என்றாலும் அதே சட்டம்தான் என்று மாஸ்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளூர்க்காரி தோலும் தோல்தான். நூல் கோக்கும்போது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட வேண்டும், துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும், விரல் காக்கும் கம்பியைக் கழற்றக் கூடாது என்பதெல்லாம் அங்கே வாய்மொழிச் சட்டங்கள். வேகத்துக்காக அந்தக் கம்பியைக் கழற்றி வைக்கச் சொல்லும் யூனிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். விரலில் ஊசி இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்த தையல் பயிற்சி வகுப்புகளில் ஜாக்கெட், சுடிதார் கட்டிங் சொல்லித் தருகிறார்கள். சான்றிதழ் தருகிறார்கள். மெஷினைச் சாய்த்துக் காட்டுகிற வகுப்பை நான் கண்டதில்லை. நகரத்தில் இருக்கிறவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரில் ஒரு மெஷின் நின்றால் அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் வர நாலைந்து நாள் ஆகும், பஸ் செலவும் கூலியும் சேர்த்துத் தர வேண்டும். மெஷின் கடனில் வாங்கிய வீடுகளில் வாரத் தவணைக்காரர் அந்த நாலு நாளைக் கணக்கில் கழிப்பதில்லை. ஹூக் ஒரு மயிரிழை நகர்ந்ததற்காக மெஷினையே விற்றுவிட்டு மில் பஸ் ஏறியவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் உண்டு. அந்த மயிரிழையைத் திருப்பி வைக்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் போதும் என்று தெரிந்திருந்தால் அவர்கள் மெஷின் இன்னும் அவர்கள் வீட்டில் இருந்திருக்கும்.

விருதுநகர் மாவட்டத்துக்கு 2023 மார்ச்சில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவித்தார்கள். சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர். பூங்கா முழுதாக எழும்பும் நாளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தையல் டேபிளில் இடம் இருக்கும். அந்த மெஷின்களுக்கு மெக்கானிக்காகவும் எங்கள் பிள்ளைகளை எடுக்க வேண்டும். லைனில் தைக்கும் கூலிக்கும் மெக்கானிக்கின் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தைத் திருப்பூர் போய்வந்த எல்லாரும் அறிவார்கள். விரல் நுணுக்கமும் பொறுமையும் கேட்கிற அந்த வேலைக்குப் பூவும் மல்லியும் ஆய்ந்து பழகிய கைகளைவிட எவை பொருத்தம்?

நான் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஒரு பழைய ஹெட்டும் சர்வோ மோட்டாரும் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக் கரண்டைத் தின்னும். சர்வோ பெடலை மிதிக்கும்போதுதான் ஓடும், வேகத்துக்கு எல்லையும் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அதன் பெட்டி எரர் காட்டி நின்றுவிடும் என்பதால் கனமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். மாஸ்டர் பண்டல் அனுப்புகிறார். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். சரிசெய்து கொடுப்பதற்கு முன்னால் டார்ச்சை அவர்கள் கையில் கொடுத்து வளையம் விழுவதைப் பார்க்கச் சொல்கிறேன். அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

வாரம் ஒருநாள் அருப்புக்கோட்டை போகிறேன், ஓவர்லாக் கற்க. அதில் பாபினே இல்லை. ஊசியின் வளையத்தைக் கீழ் லூப்பர் பிடிக்கிறது, கீழ் லூப்பரின் நூலை மேல் லூப்பர் பிடிக்கிறது, மேல் லூப்பர் விரித்து வைத்த நூலுக்குள் ஊசி மறுபடி இறங்குகிறது. பக்கத்திலேயே கத்தி துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. மூன்று நூலும் ஒன்றையொன்று கடக்கும் இடங்கள் மூன்று, மூன்றுக்கும் தனித்தனி இடைவெளி. கீழ் லூப்பரை வைக்கப் பழகிவிட்டேன். மேல் லூப்பரை அடுத்த வாரம் கழற்றலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.